அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கா, என் பாடப்பிரிவுக்கா?

கேள்வி: வணக்கம் சார். நான்காண்டுப் பொறியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரிவு, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். எங்கள் பல்கலைக்கழகத்தில் இது புதிய பிரிவு, எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர்கள்தான் முதல் பேட்ச். சேரும்போது பார்த்த விளம்பரத்தில் ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். போன வாரம் அங்கீகாரம் தரும் அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே இயந்திரவியல் இருக்கிறது, மின்னியல் இருக்கிறது, என் பிரிவு இல்லை. துறையில் கேட்டால் “ப்ராசஸ்ல இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என் பட்டம் செல்லாமல் போய்விடுமா? வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க நினைத்திருக்கிறேன். இப்போதே இயந்திரவியலுக்கு மாறிவிடுவது நல்லதா?

பதில்: தம்பி, உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் சட்ட உரிமை இருக்கிறது என்றால் பட்டம் செல்லும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரு பயத்தின் மேல்தான் நிற்கின்றன. பிரிவு மாறுவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். அதுவரைக்கும் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதிக்கு நம் மொழிப் பழக்கமே காரணம் என்பேன். ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு வேறு காரியங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு ஒரு நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை தருவதும் அங்கீகாரம்தான், ஒரு வெளி அமைப்பு வந்து பல்கலைக்கழகத்தை முழுசாகப் பார்த்துச் சான்று தருவதும் அங்கீகாரம்தான், இன்னொரு அமைப்பு வந்து ஒரே ஒரு பாடப்பிரிவை மட்டும் எடுத்துப் பிரித்து மேய்ந்துவிட்டு “இது தேறும்” என்று சொல்வதும் அங்கீகாரம்தான். விளம்பரம் எழுதுகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மூன்றில் எது இருந்தாலும் அதே சொல்லைப் போட்டுவிடலாம், பொய் சொன்னதாகவும் ஆகாது.

ஆகவே இந்தப் பதிலில் முதலாவதைப் ‘பட்ட உரிமை’ என்றும், மற்ற இரண்டையும் ‘நிறுவனத் தரச்சான்று’, ‘பிரிவுத் தரச்சான்று’ என்றும் பிரித்தே எழுதுகிறேன். நீங்களும் யாரிடமாவது கேட்கும்போது இப்படிப் பிரித்தே கேளுங்கள்.

பட்ட உரிமை சட்டத்திலிருந்து வருவது. இந்தியாவில் நாடாளுமன்றச் சட்டமோ மாநிலச் சட்டமோ ஒரு பல்கலைக்கழகத்தை உண்டாக்குகிறது, அல்லது பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரையில் நிகர்நிலைத் தகுதி கிடைக்கிறது. பிரிட்டனில் ‘பட்டமளிக்கும் அதிகாரம்’ என்று தனியாகவே ஒன்று உண்டு, அது இல்லாத கல்லூரி வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம் தர முடியும். உங்கள் பட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குப் பதில் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. இதற்கு மேலே உள்ள இரண்டும் தரம் பற்றியவை.

நிறுவனத் தரச்சான்று என்பது இந்தியாவில் நாக் (NAAC) என்ற தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு செய்யும் வேலை. 1994 இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது, நிர்வாகம், நிதி, நூலகம், ஆராய்ச்சி, மாணவர் நலன் என்று மொத்தத்தையும் பார்க்கும். அமெரிக்காவிலும் பல்கலைக்கழகங்களை முழுசாகப் பார்க்கும் அமைப்புகள் உண்டு. அந்தச் சான்று இல்லாத கல்லூரியின் மாணவர்களுக்கு அங்கே மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் கிடைக்காது, எனவே அது அவர்களுக்கு உயிர்நாடி.

பிரிவுத் தரச்சான்றுதான் நீங்கள் தேடியது. இந்தியாவில் பொறியியல், மேலாண்மை, மருந்தியல் போன்ற படிப்புகளுக்கு என்பிஏ (NBA) என்ற அமைப்பு இதைச் செய்கிறது. அமெரிக்காவில் பொறியியலுக்கும் கணினிப் படிப்புகளுக்கும் ஏபெட் (ABET) என்ற அமைப்பு செய்கிறது. பிரிட்டனில் அந்தந்தத் துறையின் தொழில்முறைச் சங்கங்களே செய்கின்றன. ஏபெட்டின் முன்னோடி அமைப்பு 1932 இல் உருவாகி, 1936 இல் முதன்முதலாகப் பொறியியல் படிப்புகளுக்குச் சான்று கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஏபெட் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மொத்தமாகச் சான்று கொடுப்பதில்லை, பிரிவுக்கு மட்டும்தான். அதனால் யாராவது “எங்கள் பல்கலைக்கழகம் ஏபெட் அங்கீகாரம் பெற்றது” என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியமே தப்பு. எந்தப் படிப்பு, எந்த வளாகம், எந்த ஆண்டு முதல் என்று சொன்னால்தான் அது முழு வாக்கியம். மேலாண்மைப் படிப்பில் இது இன்னும் குழம்பும், 1916 இல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி மேலாண்மைப் பள்ளியை முழுசாகப் பார்க்கும், ஆம்பா எம்பிஏ போன்ற குறிப்பிட்ட படிப்புகளைப் பார்க்கும், இரண்டு முத்திரையும் விளம்பரத்தில் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சரி, இயந்திரவியலுக்கு இருக்கிறது, உங்களுக்கு ஏன் இல்லை? இதற்குப் பதில் மிக எளிது, துறையில் யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் உங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உங்கள் பிரிவிலிருந்து இன்னும் யாருமே பட்டம் வாங்கவில்லை. பட்டதாரியே இல்லாத படிப்புக்குத் தரச்சான்று கிடைக்காது. ஏபெட் குறைந்தது ஒருவராவது படித்து முடித்து வெளியேறியிருக்க வேண்டும் என்கிறது. என்பிஏ இரண்டு பேட்ச் வெளியேறியிருக்க வேண்டும் என்கிறது. இதில் நியாயமும் இருக்கிறது, படித்து முடித்தவரால் என்ன செய்ய முடிகிறது என்பதுதான் கேள்வியென்றால், முடித்தவர் ஒருவரும் இல்லாதபோது எதைப் பார்ப்பது?

இதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு மூத்தவர்கள் முதல் பேட்ச், நீங்கள் இரண்டாவது. ஒரு பேட்ச் போதும் என்கிற அமைப்பிடம் உங்கள் பல்கலைக்கழகம் போகிறது என்றால், நீங்கள் இறுதியாண்டில் இருக்கும்போது குழு வந்து பார்க்க வாய்ப்பு உண்டு. இரண்டு பேட்ச் கேட்கிற அமைப்பு என்றால், அந்த இரண்டாவது பேட்சே நீங்கள்தான். நீங்கள் வெளியேறிய பிறகுதான் அவர்கள் வாசலுக்கே வருவார்கள். அப்படியானால் உங்கள் துறை ஆட்கள் “ப்ராசஸ்ல இருக்கு” என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் ‘ஃபைல் சேர்க்கிறோம்’ என்று அர்த்தம். அது பொய் இல்லை. ஆனால் விண்ணப்பித்தாயிற்று என்றும் அதற்கு அர்த்தமில்லை.

நான் துறைத் தலைவராக இருந்து இந்தச் சான்றுக்காக ஓடியும் இருக்கிறேன், பிறகு மதிப்பீட்டாளராகப் பல கல்லூரிகளுக்குப் போயும் இருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் துறை ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் போகும். பாடத்திட்டம், ஆசிரியர்கள், ஆய்வகங்கள், மாணவர் தேர்ச்சி, வேலைவாய்ப்பு, செலவு எல்லாம் அதில் வரும். ஏபெட் வழக்கத்தைச் சொன்னால், ஜனவரியில் விண்ணப்பம், ஜூலையில் இந்த அறிக்கை, செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் குழு வருகை, அடுத்த ஆண்டு ஜூலையில் முடிவு. ஆக விண்ணப்பத்திலிருந்து முடிவுவரை ஒன்றரை ஆண்டு. மற்ற அமைப்புகளின் மாதங்கள் வேறு, ஆனால் எங்கேயும் இது ஓரிரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை.

அந்த அறிக்கையில் எதைக் காட்ட வேண்டும் என்பதில்தான் பெரிய மாற்றம் வந்தது. முன்பெல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். ஆய்வகம் இத்தனை சதுர அடி, நூலகத்தில் இத்தனை புத்தகம், முனைவர் பட்டம் வாங்கியவர் இத்தனை பேர், கணிதம் இத்தனை மணி நேரம். 1997 இல் ஏபெட் புதிய அளவுகோல்களைக் கொண்டுவந்து இந்தப் போக்கைத் திருப்பியது. நீ என்ன வைத்திருக்கிறாய் என்பதோடு நிற்காமல், உன் மாணவனால் என்ன செய்ய முடிகிறது, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். மற்ற நாடுகளும் பின்னாலேயே வந்தன. உங்கள் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே ‘சிஓ 1, சிஓ 2’ என்று ஏதோ எழுதியிருக்குமே, தேர்வுக்கு வராது என்று நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்களே, அது இங்கிருந்து வந்ததுதான். அந்தப் பாடத்தை முடித்தவரால் இன்னது செய்ய முடியும் என்ற வாக்குறுதி அது. எல்லாப் பாடங்களின் வாக்குறுதிகளும் சேர்ந்து படிப்பு முழுவதுக்குமான பொதுத் திறன்களுக்குப் போய்ச் சேர வேண்டும், சிக்கலான பிரச்சினையைப் பகுத்துப் பார்ப்பது, கட்டுப்பாடுகளுக்குள் ஒன்றை வடிவமைப்பது, குழுவாக வேலை செய்வது, தொழில் அறம் இப்படி. ஏபெட் இதை ஏழு திறன்களாக வைத்திருக்கிறது.

எண்ணம் அருமையானது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், பாதி இடங்களில் இது ஒரு எக்செல் தாளாகச் சுருங்கிவிடுகிறது. நான் போன ஒரு கல்லூரியில் நாற்பது பாடங்களுக்கும் அட்டெய்ன்மென்ட் மதிப்பு, அதாவது வாக்குறுதி கொடுத்த திறனை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்று சொல்லும் எண், 2.4 க்கும் 2.5 க்கும் நடுவிலேயே இருந்தது. கணிதமும் அப்படி, பணிமனையும் அப்படி, தொழில் அறமும் அப்படி. பொறுப்பாசிரியரை அழைத்து எப்படிப்பா என்று கேட்டேன். அவர் சின்ன வயசுக்காரர், சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன், அப்புறம் குறிப்பில் எழுத வேண்டியதை எழுதினேன்.

எனக்குப் பிடித்த துறை வேறொன்று. அங்கே மாணவர்களுக்குப் புள்ளியியலில் தரவைப் புரிந்து முடிவு சொல்லும் திறன் வரவில்லை என்று அவர்களே கண்டுபிடித்து அறிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை ஐந்தாம் பருவத்திலிருந்து மூன்றாம் பருவத்துக்குக் கொண்டுவந்து, அதற்கடுத்த வடிவமைப்புப் பாடத்தில் அதைப் பயன்படுத்த வைத்திருக்கிறார்கள். “இரண்டு வருடம் ஆகியும் முன்னேற்றம் கொஞ்சம்தான், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று எழுதியிருந்தார்கள். இந்த ஒரு பத்திக்காகவே அவர்களை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எந்தத் துறைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: போன வருடம் எது சரியாக வரவில்லை, அதனால் எதை மாற்றினீர்கள்?

குழு வருகை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். வருகிறவர்கள் வேறு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் தொழில்துறைக்காரர்களும், அந்தந்தப் பிரிவைத் தெரிந்தவர்கள். விடைத்தாள், வினாத்தாள், புராஜெக்ட் அறிக்கை எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் வினாத்தாள்தான் துறையின் உண்மையான முகம். அறிக்கையில் ‘பகுத்தாய்வுத் திறன்’ என்று பத்து இடத்தில் எழுதிவிட்டு, வினாத்தாளில் ‘வரையறு, பட்டியலிடு, விளக்குக’ மட்டும் இருந்தால் ஆட்டம் முடிந்தது. ஆய்வகத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கருவியையும் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் அதைப் பயன்படுத்திய பதிவேடு மட்டும் பக்காவாக நிரம்பியிருந்தது. மாணவர்களையும் தனியாகச் சந்திப்போம், ஆசிரியர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. என்ன பேச வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் துறைக்குக் குழு வரும்போது உங்களைக் கூப்பிட்டால், தம்பி, உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

வந்த குழு முடிவெடுப்பதில்லை, பரிந்துரைதான் செய்யும். முடிவு மேலே இருக்கும் குழுவுடையது. கல்லூரிக்குப் பதில் சொல்லவும் வாய்ப்புத் தருவார்கள். ஏபெட் குறைகளை மூன்று தரமாகப் பிரிக்கும்: அளவுகோலையே எட்டாத குறைபாடு, எட்டியும் உறுதியாக இல்லாத பலவீனம், இப்போது பரவாயில்லை நாளைக்கு மோசமாகலாம் என்கிற கவலை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஆறு ஆண்டு, இல்லையென்றால் இடையில் அறிக்கையோ மறுவருகையோ கேட்பார்கள். என்பிஏவில் ஆறு ஆண்டு அல்லது மூன்று ஆண்டு. விளம்பரத்தில் எத்தனை ஆண்டு என்பதை யாரும் போட மாட்டார்கள். இயந்திரவியலுக்கு எது கிடைத்திருக்கிறது, எப்போது முடிகிறது என்று அதே இணையதளத்தில் பாருங்கள், அதுவும் ஒரு செய்திதான்.

இந்த முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைப்பானேன். சான்று கேட்கும் கல்லூரியே அதற்கான கட்டணத்தையும் கட்டுகிறது. மதிப்பிட வருகிறவர் நாளைக்குத் தன் கல்லூரிக்கும் இதே சான்று வேண்டும் என்று நினைப்பவர். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஏசிஐசிஎஸ் என்ற சான்று அமைப்பு பெரிய தனியார் கல்லூரிக் குழுமங்களுக்குத் தாராளமாகச் சான்று கொடுத்து வந்தது. அப்படிப்பட்ட இரண்டு குழுமங்கள் 2015 லும் 2016 லும் அடுத்தடுத்து மூடப்பட்டு மாணவர்கள் கடனோடு தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கக் கல்வித்துறை 2016 இல் அந்த அமைப்பின் ஏற்பை ரத்து செய்தது, நடுவில் திரும்பக் கொடுத்தது, 2022 இல் ஒரேயடியாக முடித்துவிட்டது. எனவே சான்று கொடுக்கிறவருக்குச் சான்று யார் கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே கல்வித்துறையும் சியா என்ற அமைப்பும் இதைச் செய்கின்றன. ஐரோப்பாவில் தர அமைப்புகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் வேறொரு ஆபத்தும் உண்டு. கண்டிப்பு அதிகமானாலும் ஆட்கள் அடிபடுவார்கள். 1910 இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். ஆய்வகமே இல்லாத, காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த கல்லூரிகளை அது வெளுத்து வாங்கியது, நிறையக் கல்லூரிகள் மூடப்பட்டன, மருத்துவக் கல்வி திருந்தியது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டுதான் மிஞ்சின. தரம் என்று ஒரு கோட்டைப் போடும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் இளம் மதிப்பீட்டாளர்களிடம் சொல்வது இந்தக் கதையை வைத்துத்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாடு.

பொறியியலுக்கு வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1989 இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து, ஒருவர் சான்று கொடுத்த படிப்பை மற்றவரும் சமமாக ஏற்பது என்று கையெழுத்துப் போட்டன. பிறகு சிங்கப்பூர், மலேசியா எல்லாம் வந்தன. இந்தியாவும் இலங்கையும் 2014 இல் சேர்ந்தன. உங்கள் பல்கலைக்கழகம் ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று போட்டது அநேகமாக இதை வைத்துத்தான் இருக்கும். இதில் கவனிக்க வேண்டிய சின்ன எழுத்துகள் உண்டு. ஒரு நாடு உறுப்பினரான பிறகு சான்று பெற்ற படிப்பை முடித்தவருக்குத்தான் இது பொருந்தும். இந்தியாவில் என்பிஏ சான்று வாங்கினாலும், முதல் அடுக்கு என்று வகைப்படுத்தப்பட்ட, அதாவது தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகள் போன்ற இடங்களின் படிப்புகளுக்கு மட்டுமே இந்த உடன்படிக்கை செல்லும், இரண்டாம் அடுக்குக்குச் செல்லாது. அப்புறம் முக்கியமாக, இந்த உடன்படிக்கை யாருக்கும் வேலையோ உரிமமோ தானாகத் தருவதில்லை. உங்கள் படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்குச் சமம் என்று சொல்லி ஒரு கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். கணினிப் படிப்புகளுக்குத் தனியாக சியோல் உடன்படிக்கை 2008 இல் வந்தது, உங்கள் பிரிவு எந்தப் பெயரில், எந்த வகையில் விண்ணப்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றின் கீழ் வரலாம்.

இதெல்லாம் யாருக்கு மிகவும் முக்கியம் என்றால், உரிமம் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு. கனடாவில் கையெழுத்துப் போடும் பொறியாளராக வேண்டும், ஆஸ்திரேலியாவில் கட்டுமானப் பொறியாளராகப் பதிய வேண்டும் என்பவருக்குப் பிரிவுத் தரச்சான்று இருந்தால் பாதை சுருங்கும், இல்லையென்றால் அவருடைய பாடங்களை ஒவ்வொன்றாக எடை போட்டு, தேவையானால் தேர்வும் எழுதச் சொல்வார்கள். மருத்துவம் என்றால் இன்னும் கறார். தரவு அறிவியலில் பெரும்பாலான வேலைகளுக்கு உரிமம் கிடையாது. முதுகலைச் சேர்க்கையில் பெரும்பாலும் பார்ப்பது உங்கள் பல்கலைக்கழகம் அது இருக்கும் நாட்டின் அரசால் ஏற்கப்பட்டதா, மதிப்பெண் என்ன, கணிதமும் நிரலாக்கமும் எவ்வளவு படித்திருக்கிறீர்கள், பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்கிறது என்பவற்றைத்தான். ஆனாலும் நீங்கள் குறி வைத்திருக்கும் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கத்தை நீங்களே படித்துவிடுங்கள், என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆகையால், முத்திரைக்காக இயந்திரவியலுக்கு மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இயந்திரவியல் பிடித்திருந்தால் மாறுங்கள், அது வேறு விஷயம். பிடிக்காத படிப்பில் ஒரு வருடத்தை இழந்து, பழைய பாடங்களை எழுதித் தள்ளி, கடைசியில் தரவு அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தால், ஏன் மாறினாய் என்று முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள்.

அதற்காகத் துறையைச் சும்மா விடவும் வேண்டாம். மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக, இரண்டு மூன்று நண்பர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, மரியாதையாக. எந்த அமைப்பிடம் எந்தத் தேதியில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. விண்ணப்பத்தில் படிப்பின் பெயர் என்ன, எங்கள் பட்டச் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயர் என்ன, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்பது இரண்டாவது. இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். புதிய பிரிவுகளில் பெயரை வருடத்துக்கு வருடம் மாற்றுவார்கள், ‘கணினி அறிவியல், சிறப்புப் பிரிவு தரவு அறிவியல்’ என்று ஓரிடத்திலும் ‘தரவு அறிவியல்’ என்று இன்னோரிடத்திலும் இருக்கும், வெளிநாட்டில் சரிபார்க்கிறவர் பட்டியலில் உள்ள பெயரைத்தான் தேடுவார், உங்கள் நிலைமையை விளக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். மூன்றாவது, சான்று கிடைத்தால் அது எந்த ஆண்டில் முடித்தவர்களிலிருந்து பொருந்தும். ஏபெட் முதல்முறை கொடுக்கும்போது, வருகைக்கு முந்தைய கல்வியாண்டில் முடித்தவர்களையும் பொதுவாக அதற்குள் கொண்டுவரும். எல்லா அமைப்புகளும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் பேட்ச் உள்ளேயா வெளியேயா என்பது இந்த ஒரு தேதியில்தான் தொங்குகிறது.

பதில் எழுதும்போது அவர்கள் ஐஎஸ்ஓ 9001 சான்று இருக்கிறது, இன்ன சர்வதேசச் சங்கத்தில் உறுப்பினர், இன்ன தரவரிசையில் இத்தனையாவது இடம் என்று எதையாவது கலந்து அனுப்பினால், அதெல்லாம் வேறு சமாச்சாரம். ஐஎஸ்ஓ 9001 அலுவலக நடைமுறை ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்வது. உறுப்பினர் என்றால் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் கேள்விப்படாத ஒரு சான்று அமைப்பைக் காட்டினால், அந்த அமைப்பை அது இருக்கும் நாட்டின் அரசு ஏற்றிருக்கிறதா என்று அரசுப் பட்டியலில் தேடுங்கள், அந்த அமைப்பின் சொந்த இணையதளத்தில் தேடாதீர்கள். 2015 இல் கராச்சியிலிருந்து இயங்கிய ஒரு நிறுவனம் அகப்பட்டபோது, போலிப் பல்கலைக்கழகங்களோடு அவற்றுக்குச் சான்று கொடுக்கும் போலி அமைப்புகளையும் அவர்களே நடத்தியது வெளியே வந்தது, இரண்டு இணையதளமும் பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தன.

சான்று வந்தாலும் வராவிட்டாலும் இன்றிலிருந்தே ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அந்தப் பருவத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் மணிக்கணக்கோடு எடுத்து வையுங்கள், முடிந்தால் பல்கலைக்கழக முத்திரையோடு. வெளிநாட்டில் பட்டத்தை மதிப்பிடுகிறவர்கள், பிரிவுத் தரச்சான்று இல்லாதபோது, பாடம் பாடமாகத்தான் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்துப் போய் நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தைக் கேட்டால், அதற்குள் அது மூன்று முறை மாறியிருக்கும், பழையதைத் தேடி எடுக்க அலுவலகத்தில் ஆள் இருக்காது. என் மாணவர்களில் பலர் இதற்காக எனக்கு நடு இரவில் போன் செய்திருக்கிறார்கள்.

துறையிடமிருந்து பதில் வந்ததும், குறிப்பாக அதில் தேதி ஏதாவது இருந்தால், அப்படியே எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் பேட்ச் எங்கே விழுகிறது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.